நித்திய எந்திரம்

உலகம் உறைந்துவிட்டது. ஊர் இல்லை, உழவு இல்லை, உயிர் இல்லை. எங்கு நோக்கினும் பனி. அந்தப் பனியைக் கிழித்துக்கொண்டு ஓர் இரயில் வண்டி ஓடுகிறது. ஓய்வின்றி ஓடுகிறது. ஏனெனில், நின்றால் உள்ளிருப்போரும் உறைந்து மடிவர். மாந்தர் இனத்தின் மிச்சம் முழுவதும் அந்த வண்டிக்குள்ளேதான் அடைந்து கிடக்கிறது. முன்பெட்டிகளிலே சீமான்கள், பின்பெட்டிகளிலே பஞ்சைகள். முன்னே மதுவும் மீனும் மலர்த்தோட்டமும். பின்னே இருட்டும் நாற்றமும், உணவென்ற பெயரால் வீசியெறியப்படும் கறுப்புக் கட்டியும். இடையிலே பூட்டிய கதவுகள். கதவுக்குக் கதவு ஆயுதம் தாங்கிய காவலர்!

இந்தக் காட்சியை 2013ஆம் ஆண்டில் திரையிலே தீட்டிக் காட்டியவர், தென்கொரிய நாட்டு இயக்குநர் போங் ஜூன்-ஹோ. படத்தின் பெயர் 'ஸ்னோபியர்சர்'. பனியைத் துளைத்துச் செல்வது என்று பொருள். விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று அதற்கு முத்திரை குத்தினர். கற்பனைதான். எனினும், பார்த்தவர்கள் மீண்டும் பார்க்கிறார்கள்; கூடிப் பேசுகிறார்கள்; காட்சி காட்சியாகப் பிரித்து வாதிடுகிறார்கள். பொழுதுபோக்குக்காகப் பார்த்த படம் இத்தனை காலம் நெஞ்சிலே தங்குவதில்லை. அந்த வண்டியில் ஏறியவர் எவரும் கேட்கக்கூடாதது என்று விலக்கி வைக்கப்பட்ட ஒரு கேள்வியை அப்படம் கேட்கிறது. ஓயாது ஓடும் இந்த எந்திரம் எதனால் ஓடுகிறது? அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுகிறோம்.

கதை பிறந்த இடம் கொரியா அன்று, பிரான்சு. பிறந்த வடிவம் படக்கதை. படக்கதை என்றால் பாலர் விளையாட்டு என்று எண்ணிய காலம் பிரான்சிலும் இருந்தது. 1960களிலும் 1970களிலும் தோன்றிய ஒரு தலைமுறை, அந்த எண்ணத்தை உடைத்தெறிந்தது. அரசியலையும் அச்சத்தையும் ஏளனத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து, வளர்ந்தோர் கையிலே கொடுத்தது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் எழுத்தாளர் ஜாக் லோப். 1932இல் பிறந்தவர். பிரெஞ்சுப் பெருமை பேசித் தோள் தட்டும் போலி வீரனைக் கேலி செய்த 'சூப்பர்துப்போன்' என்னும் படக்கதையை 1972இல் கோத்லிப் என்பாருடன் சேர்ந்து படைத்தவர். தன் நாட்டாரின் தற்பெருமையையே நகைப்புக்கு உள்ளாக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

அவர் உள்ளத்திலே அந்த இரயில் உருவெடுத்தது. அலெக்ஸிஸ் என்ற புனைபெயருடைய ஓவியர் வரையத் தொடங்கினார். 1977இல், முப்பதே வயதில், அலெக்ஸிஸ் மாண்டார். வரைந்தவை சில பக்கங்களே. கதை அத்துடன் அனாதையாயிற்று. ஆண்டுகள் சென்றன. 1956இல் பிறந்த ஜான்-மார்க் ரோஷெத் என்ற இளைய ஓவியர் அந்தப் பணியை ஏற்றார். 'தொடரும்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட 'ஆ சுய்வ்ர்' இதழிலே 1982, 83ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தது, 1984இல் நூலாயிற்று. கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டப்பட்ட அந்த நூலின் பெயர் 'லெ திரான்ஸ்பெர்ஸ்நேஜ்'. ஆயிரத்தொரு பெட்டிகள் கொண்ட வண்டி அதன் களம். பாட்டாளி என்ற சொல்லை நினைவூட்டும் 'புரோலோஃப்' என்ற பெயருடையவன், கடைசிப் பெட்டியிலிருந்து தப்பி, பெட்டி பெட்டியாக முன்னோக்கிச் செல்கிறான். வழியிலே, எந்திரத்தைத் தெய்வமாக்கித் தொழும் கூட்டம் ஒன்றையும் காண்கிறான். அவர்களுக்கு அது 'புனித எந்திரம்'. முடிவிலே எந்திரத்தின் அருகே போய்ச் சேருகிறான். சேர்ந்து என்ன பயன்? தன்னந்தனியனாய் அதனருகே நிற்கிறான். தேடிச் சென்ற விடுதலை அங்கு இல்லை.

அந்த நூல் பின்னர் அடைந்த பெரும்புகழைக் காண லோப் உயிருடன் இல்லை, 1990இல் மறைந்தார். கதையை 1999இலும் 2000இலும் பெஞ்சமின் லெக்ராண்ட் என்பார் ரோஷெத்துடன் சேர்ந்து நீட்டி எழுதினார். எனினும் பிரெஞ்சு மொழி வட்டத்துக்கு வெளியே அதனை அறிந்தவர் சிலரே. ஆங்கிலத்தில் அந்நூல் 2014இல்தான் வெளிவந்தது! கொரிய மொழியிலோ அதற்குப் பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டது. 2005 வாக்கில், சியோல் நகரத்துப் படக்கதைக் கடை ஒன்றிலே போங் ஜூன்-ஹோ அதனைக் கண்டார்; கடையிலேயே நின்றபடி படித்து முடித்தார். அந்நூலின் நெடும்பயணம் அங்கிருந்து வேறு திசையில் திரும்பிற்று.

யார் இந்தப் போங்? கொரியாவிலே இராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவரும் தொழிலாளரும் வீதியிலே திரண்டு, நேரடித் தேர்தலை வென்றெடுத்த ஆண்டு 1987. அடுத்த ஆண்டிலே யோன்செய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கப் புகுந்தவர். கண்ணீர்ப் புகைக்குண்டின் நெடி இன்னும் அடங்காத வளாகத்திலே பாடம் கேட்டவர். ஒருவனுடைய ஓட்டமாக இருந்த படக்கதையை, ஒரு கூட்டத்தின் கிளர்ச்சியாக அவர் மாற்றியது ஏன் என்பதை இதிலிருந்தே உணரலாம். 2012ஆம் ஆண்டில் செக் நாட்டுத் தலைநகர் பிராகாவிலுள்ள பர்ராந்தோவ் படப்பிடிப்பு நிலையத்தில், ஆட்டி அசைக்கும் பொறிகளின் மீது பெட்டிகளை அமைத்துப் படமெடுத்தார். பின்பெட்டியிலே ஓர் ஓவியன் வருகிறான். இழந்தோரின் முகங்களையும் நடந்த கொடுமைகளையும் கரிக்கோட்டால் பதிவு செய்கிறான். அந்த ஓவியங்களைத் தீட்டிக் கொடுத்தவர், படக்கதையை வரைந்த அதே ரோஷெத்!

இனி, வண்டிக்குள் நடப்பதைக் காண்போம்.

உலகின் வெப்பத்தைத் தணிப்பதற்கென 79 நாடுகள் கூடி, வானிலே ஒரு வேதிப்பொருளைத் தூவின. தணிப்பதற்குப் பதில் உறைந்தது உலகம். பதினேழு ஆண்டுகள் சென்றன. வண்டியின் அதிபர் வில்ஃபோர்டு, தலைப்பெட்டியிலே அமர்ந்திருக்கிறார். வால்பெட்டியைச் சேர்ந்தவன் ஒருவன், தன் பிள்ளையைப் பறித்துச் செல்வது கண்டு பொறாமல், காலணியை வீசியெறிகிறான். தண்டனை என்ன? கையை வண்டிக்கு வெளியே நீட்டச் செய்து, உறைய வைத்து, சம்மட்டியால் அடித்துச் சிதறடிப்பது. கை உறைவதற்கு ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடத்தை வீணாக்கலாமா? அமைச்சர் மேசன் என்னும் மாது உபதேசம் செய்கிறாள்! தொப்பிக்கு உரிய இடம் தலை, காலணிக்கு உரிய இடம் கால். தொப்பி நாங்கள், காலணி நீங்கள். அவரவர் இடம் ஆதியிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. மாற்ற முனைவது மகாபாதகம். இதுவே அவள் உபதேசத்தின் சாரம். கையிழப்பவனின் தலைமீது அந்தக் காலணியையே வைத்துக்கொண்டு இதனைச் சொல்கிறாள்.

மேசன் பேசியது புதிய பேச்சன்று. கி.மு. 494இல் ரோமாபுரியிலே கேட்ட பேச்சு. கடன் சுமையாலும் போர்ச் சுமையாலும் நசுங்கிய எளிய மக்கள், நகரை விட்டு வெளியேறிப் புனிதக் குன்றிலே போய்த் தங்கினர். சமாதானம் பேச வந்த மெனேனியஸ் அக்ரிப்பா ஒரு கதை சொன்னாராம். வயிறு சும்மா தின்கிறதே என்று கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்தன. முடிவில் உடல் முழுவதும் மெலிந்தது. ஆகவே வயிற்றுக்கு வயிறும் கைக்குக் கையும் அவையவை இடத்தில் இருப்பதே நன்று என்பது கதை. வரலாற்றாசிரியர் லிவி இதனை எழுதி வைத்தார். உடலைக் காட்டி ஊரை அடக்கும் உபாயத்துக்கு இருபத்தைந்து நூற்றாண்டு வயது! ஆனால், கதையை மட்டும் நினைவில் வைத்திருப்போர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. ரோமாபுரி மக்கள் கதைக்கு மயங்கி வெறுங்கையோடு திரும்பவில்லை. தங்களைக் காக்கும் தனி அதிகாரிகளை, தீண்டினால் தண்டனை என்ற காப்புடன், கேட்டுப் பெற்ற பிறகே திரும்பினர். கதை சொன்னவர் வென்றார் என்பர். குன்றேறிய கால்களே வென்றன என்போம் நாம்.

படத்திலும் கால்கள் எழுகின்றன. கர்ட்டிஸ் என்பவன் தலைமையில் வால்பெட்டி மக்கள் முன்னேறுகிறார்கள். காவலரின் துப்பாக்கியிலே குண்டு இல்லை என்று ஐயுற்று, அதனைத் தன் நெற்றியிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்கிறான் கர்ட்டிஸ். குண்டு இல்லை! இத்தனை ஆண்டுகள் அவர்களை அடக்கி வைத்தது வெற்றுத் துப்பாக்கி. அச்சம்தான் அதற்குள் இருந்த ஒரே குண்டு. கதவு திறக்கத் திறக்க உண்மைகள் தெரிகின்றன. தாங்கள் தின்ற கறுப்புக் கட்டி கரப்பான் பூச்சிகளை அரைத்துச் செய்தது என்று அறிகின்றனர். தோட்டம், மீன்தொட்டி, நீராடுமிடம், கேளிக்கைக் கூடம் எல்லாம் காண்கின்றனர்.

பள்ளிக்கூடப் பெட்டியையும் காண்கின்றனர். அங்கே பிஞ்சுக் குழந்தைகள் எந்திரத்தின் புகழைப் பாடுகிறார்கள். எந்திரம் நித்தியம், அது நின்றால் நாம் அழிவோம், அதைக் காப்பவர் வில்ஃபோர்டு. இதுவே பாடம், இதுவே பாட்டு. முன்னொரு நாள் வண்டியை விட்டு இறங்கிச் சென்ற எழுவர் பனியில் உறைந்து நிற்பதைச் சன்னல் வழியே காட்டி, இறங்கினால் இதுதான் கதி என்று கற்பிக்கிறாள் ஆசிரியை. சிரித்த முகம், இனிய குரல். சற்று நேரத்தில் அதே ஆசிரியை முட்டைக் கூடைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள்! பாட்டு எங்கே முடிகிறதோ அங்கே துப்பாக்கி தொடங்குகிறது.

எந்திரம் நித்தியம் என்கிறார்களே, அது நடக்கக்கூடியதா? தானே என்றென்றும் இயங்கும் எந்திரம் இயற்கையில் இல்லை. இதனை விஞ்ஞானம் இன்று நேற்று சொல்லவில்லை. 1775ஆம் ஆண்டிலேயே பாரிசு நகரத்து விஞ்ஞானக் கழகம், என்றும் ஓயாத எந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வருவோரின் மனுக்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவு செய்தது. உராய்வு உண்டு, தேய்மானம் உண்டு. உள்ளே ஊட்டாமல் வெளியே உழைப்பு வராது. ஆகவே, தானே ஓடுகிறது என்று எவரேனும் எதையேனும் காட்டினால், பகுத்தறிவாளன் கேட்க வேண்டியது ஒன்றே: மறைவிலே அதற்கு ஊட்டுபவர் யார்?

படம் அந்த மறைவைத் திறக்கிறது. எந்திர அறையை அடைந்த கர்ட்டிஸிடம், நீயே எனக்குப் பின் இதனை நடத்து என்கிறார் வில்ஃபோர்டு. கிளர்ச்சியே தம் ஏற்பாடு என்றும், வண்டியில் தலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே அவ்வப்போது கலகத்தை மூட்டுவதென்றும், வால்பெட்டியின் பெரியவர் கில்லியமும் அதற்கு உடந்தை என்றும் உரைக்கிறார். திகைக்கிறான் தலைவன், தடுமாறுகிறான், ஆசையும் அயர்வும் அவனை அந்த ஆசனத்தின் பக்கம் இழுக்கின்றன. அப்போது யோனா என்ற பதினேழு வயதுப் பெண் ஓடி வந்து, தரைப்பலகையைப் பெயர்த்தெறிகிறாள். அடியிலே பல்சக்கரங்களின் நடுவே, குனிந்த உடலும் கறைபடிந்த கையுமாக, ஒரு சிறுவன்! வால்பெட்டியிலிருந்து பறித்து வந்த பிள்ளை. எந்திரத்தின் உறுப்பு ஒன்று தேய்ந்து அழிந்தது. மாற்று உறுப்பு கிடைக்கவில்லை. அந்தச் சிறு சந்திலே நுழைவதற்கு ஐந்து வயதுப் பிள்ளையின் உடலே பொருத்தம்! நித்தியத்தின் இரகசியம் இதுதான்.

மிகைப்படுத்திய கற்பனை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலே காற்றுக் கதவைத் திறந்து மூட, விளக்கின்றி, இருட்டிலே, பன்னிரண்டு மணி நேரம் தனியே அமர்ந்திருந்தவர்கள் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். குறுகிய சந்துகளிலே கரி வண்டியை இழுத்தவர்களும் அவர்களே. 1842இல் விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது, அந்தப் பிள்ளைகளின் நிலையைச் சித்திரங்களாகவும் அச்சிட்டுக் காட்டியது. படம் பார்த்த சீமான்களும் சீமாட்டிகளும் பதைத்தனர். அவ்வாண்டே, பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் சுரங்கத்தின் அடியில் வேலைக்கு அனுப்பக்கூடாது என்று சட்டம் வந்தது. புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றிக் கரி துடைக்கும் கொடுமையோ, பல சட்டங்களை ஏய்த்து 1875 வரை நீடித்தது. காரணம் அதேதான்: சிறிய சந்து, சிறிய உடல்! பிரான்சில் எட்டு வயதுக்குக் குறைந்தோரை ஆலையில் அமர்த்தலாகாது என்று சட்டம் சொல்லத் தொடங்கிய ஆண்டு 1841. அதுவும் எல்லா ஆலைகளுக்கும் அன்று. நாகரிகத்தின் எந்திரம் தானே ஓடியதாக ஏடுகள் எழுதிய காலத்திலே, தரைக்கு அடியிலே யார் இருந்தனர் என்பதை இச்சட்டங்களே சாட்சி சொல்கின்றன.

படக்கதைக்கும் படத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. புரோலோஃப் எந்திரத்தை அடைந்தான், அதனருகே தனித்து நின்றான். கர்ட்டிஸ் எந்திரத்தை ஏற்க மறுத்தான். சிறுவனை மீட்பதற்காகச் சுழலும் பல்சக்கரத்துக்குள்ளே தன் கையைக் கொடுத்தான். ஆனால், அவனுக்கும் முன்பே வேறொரு வழியைக் கண்டவன் உண்டு. கதவுப் பூட்டுகளைத் திறந்துவந்த நாம்குங் மின்சு. எல்லாரும் முன்கதவையே பார்த்திருக்க, அவன் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தான். வெளியே போகும் கதவை! பதினேழு ஆண்டுகளாக மூடியே கிடந்ததால், அது கதவு என்பதையே மறந்து சுவர் என்று எண்ணிவிட்டனர் மற்றவர். பனிக்குள் புதைந்து கிடக்கும் விமானம் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு சற்றே கூடுதலாய்த் தெரிவதை அவன் கவனித்து வந்தான். பனி உருகுகிறது! வெளியே போனால் சாவு என்ற பாடம் பொய்யாகிக்கொண்டிருக்கிறது! போதனையை நம்பாமல் சன்னல் வழியே பார்த்தான். பார்த்ததை ஆண்டுதோறும் ஒப்பிட்டான். ஒப்பிட்டதிலிருந்து முடிவுக்கு வந்தான். விஞ்ஞான மனப்பான்மைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

கதவு வெடிக்கிறது, பனி சரிகிறது, வண்டி தடம் புரள்கிறது. யோனாவும் மீட்கப்பட்ட சிறுவனும் வெண்பனியிலே கால் பதிக்கின்றனர். தொலைவிலே ஒரு கரடி நிற்கிறது. வெளியே உயிர் இருக்கிறது! ஆனால், அத்தனை பெட்டிகளும் அழிந்த பிறகு இருவர் பிழைப்பது வெற்றியா என்று கேட்போர் உண்டு. கேட்பது நியாயமே. இழப்பைப் படமும் மறைக்கவில்லை. எனினும், ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தின்று ஓடும் வண்டியின் நிம்மதியைக் கணக்கில் வரவாக எழுதி, அது நின்றதை மட்டும் செலவாக எழுதுவது நேர்மையான கணக்காகாது.

படத்தின் கதையைப் போலவே படத்துக்கு நேர்ந்ததும் சுவையானது. கொரியாவில் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். அமெரிக்க வெளியீட்டு உரிமையை வாங்கிய ஹார்வி வைன்ஸ்டைனோ, இருபது நிமிட அளவுக்கு வெட்ட வேண்டும் என்று கத்தரிக்கோலைக் கையிலெடுத்தார். காவலர் ஒருவர் மீனை அறுக்கும் காட்சியும் வெட்டுக்கு இலக்காயிற்று. தம் தந்தை மீனவர், அக்காட்சி அவருக்குக் காணிக்கை என்று போங் சொல்ல, அது தப்பிற்று. உண்மையில் தந்தை வடிவமைப்புக் கலை கற்பித்த பேராசிரியர்! பொய் சொன்னதைப் போங் 2019இல் நகைத்தபடி வெளியிட்டார். வெட்டாத படம் 2014 ஜூன் 27இல் அமெரிக்காவில் எட்டே அரங்குகளில் வெளிவந்தது. பெரிய அரங்குகளின் கதவு அடைபட்டது, வாய்மொழியோ அடைபடவில்லை. சொந்த நாட்டிலும் கதை அதுவே. பார்க் கன்-ஹே ஆட்சிக்காலத்தில், அரசுக்குப் பிடிக்காத கலைஞர்களின் பெயர்களைக் கொண்ட கறுப்புப் பட்டியல் இருந்தது 2016இல் அம்பலமாயிற்று. போங் ஜூன்-ஹோ பெயரும் அதில் இருந்தது; நாம்குங் மின்சுவாக நடித்த சாங் காங்-ஹோ பெயரும் இருந்தது. 2017 மார்ச்சில் பதவி இழந்தார் பார்க் கன்-ஹே. 2020இல், 'பாரசைட்' என்ற படத்துக்காக ஆஸ்கார் மேடையேறினார் போங். நாயகனாக நடித்தவர் அதே சாங் காங்-ஹோ!

பிரான்சிலே ஒரு எழுத்தாளர் நெஞ்சில் தோன்றி, ஓர் ஓவியரின் சாவைத் தாண்டி, மற்றோர் ஓவியர் கையால் வளர்ந்து, சியோலிலே ஒரு கடைத்தட்டில் காத்திருந்து, பிராகாவிலே உருப்பெற்று, வெட்டுக்கும் பட்டியலுக்கும் தப்பி வந்த கதை இது. இதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு எழுந்து போவது எளிது. 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் குழந்தைகள் உழைப்பிலே வதைபட்டனர் என்று உலகத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் கணக்குக் காட்டின. எந்தெந்தத் தரைக்கு அடியிலே அவர்கள் இருக்கிறார்கள்?

ஆகவே, இளைஞர்களே! நித்தியம் என்று ஒன்றை எவர் காட்டினாலும், புனிதம் என்று எதை மூடினாலும், அவரவர் இடம் என்று எவர் உபதேசித்தாலும், வணங்கு முன் ஒன்று செய்யுங்கள். குனியுங்கள், தொழுவதற்காக அன்று. தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்ப்பதற்காக!